புறா தின்றது ஒரு மூட்டை, மற்ற மூன்று எங்கே?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டம். ஏழு கறவை மாடு, முந்நூறு நாட்டுக்கோழி, இருபது வெள்ளாடு இருக்கின்றன. கட்டுத்தரையை ஒட்டி 30 அடிக்கு 20 அடி அளவில் சிமென்ட் அட்டை போட்ட தீவன ஷெட். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கலப்புத் தீவனம் எல்லாம் சேர்த்து எந்நேரமும் நாற்பது மூட்டை அடுக்கியிருக்கும். ஒரு வருடமாகப் புறாத் தொல்லை தாங்கவில்லை. ஐம்பதுக்குக் குறையாது. போதாததற்குச் சிட்டுக்குருவி, மைனா. மூட்டையைக் கொத்திக் கிழித்து, மேலே எச்சமிட்டு வைக்கின்றன. மாதம் நான்கு மூட்டை குப்பைக்குப் போகிறது. வெளியே வைத்திருக்கும் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய பசுந்தீவனம்) பைகளைக் காக்கா ஓட்டை போடுகிறது. களத்தில் சோளம் காயப்போட்டால் மயில். சிடி தட்டு கட்டினேன், பட்டாசு வெடித்தேன், ஒன்றும் வேலைக்காகவில்லை. சோளத்தில் குருணை மருந்து கலந்து இரண்டு நாள் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் மாமா. அம்மாவோ, சிட்டுக்குருவி கூடு கட்டிய இடத்தைக் கலைக்கவே கூடாது என்கிறார். என்ன செய்வது? எச்சம் பட்ட தீவனத்தை வெயிலில் போட்டு எடுத்து ஆட்டுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, மாமா சொன்ன யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். மேய்ச்சலுக்குத் திறந்துவிடுகிற முந்நூறு கோழி இருக்கும் தோட்டத்தில் விஷம் கலந்த சோளத்தை வைத்தால், முதலில் தின்னப்போவது உங்கள் கோழிதான். செத்த புறாவை இழுத்துத் தின்னும் நாயும் போகும். இராத்திரியில் உங்களுக்குத் தெரியாமல் எலி பிடித்துக்கொண்டிருக்கும் கூகையும் போகும். உங்கள் ஊரில் மயில் நடமாட்டம் வேறு. ஒரே ஒரு மயில் அந்தச் சோளத்தைத் தின்று விழுந்தால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணைப் பறவை. தண்டனை மூன்று ஆண்டில் தொடங்கி ஏழு ஆண்டு வரை. ‘காக்காயைக் கொன்றால் கேட்பாரில்லை’ என்று ஒரு பேச்சு உண்டு. அதுவும் பழைய கதை. தீங்குயிர் என்று காக்காயைச் சேர்த்து வைத்திருந்த அந்தப் பட்டியலையே 2022 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

சட்டம் கிடக்கட்டும். விஷம் வைத்து ஐம்பது புறா செத்தாலும், அடுத்த மாதம் வேறு ஐம்பது வரும். ஷெட் அப்படியே திறந்துதானே கிடக்கிறது?

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒரு மாடப்புறா நாளைக்குச் சுமார் 30 கிராம் தானியம் தின்னும். ஐம்பது புறா என்றால் ஒன்றரைக் கிலோ. அவை வேறெங்கும் போகாமல் உங்கள் ஷெட்டிலேயே வயிறு நிரப்பினாலும் மாதத்துக்கு 45 கிலோ, அதாவது ஒரு மூட்டைகூட முழுசாக வராது. சிட்டுக்குருவி நாற்பது சேர்ந்து தின்றாலும் நாளைக்குக் கால் கிலோ. நீங்களோ நான்கு மூட்டை போகிறது என்கிறீர்கள். மிச்சம் மூன்று மூட்டை எந்தப் பறவையின் வயிற்றுக்கும் போகவில்லை. அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் புறாவை மட்டும் விரட்டிக்கொண்டிருந்தால், புறா போன பிறகும் மாதம் மூன்று மூட்டை குப்பைக்குப் போகும்.

இதற்கு ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு ஷெட்டுக்குள் ஒரு முக்காலியைப் போட்டு, ஏழு மணி வரை பேசாமல் உட்காருங்கள். செல்போன் வேண்டாம். எந்தப் பறவை எந்த வழியாக உள்ளே வருகிறது, வந்ததும் முதலில் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். நான் பார்த்த பத்தில் எட்டு ஷெட்டில், பறவை நேராக மூட்டை மேல் இறங்கியதில்லை. தரையில்தான் இறங்கும். தீவனம் அள்ளும்போது சிந்திய இடம், தராசைச் சுற்றி, வாய் திறந்து கிடக்கும் மூட்டையின் அடி. அங்கே கொத்திப் பழகி, அது தீர்ந்த பிறகுதான் மூட்டைக்கு ஏறும். சிந்துவதை அன்றன்றைக்குக் கூட்டி எடுக்கிற தோட்டத்துக்குப் புறா வராது என்று சொல்லமாட்டேன். வந்தாலும் ஐம்பது வராது.

உட்கார்ந்து பார்த்து முடித்ததும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு ஓட்டைகளைப் பாருங்கள். எல்லா ஓட்டையும் ஒன்றல்ல. மேல் அடுக்கில், தையல் ஓரத்தில், நாரும் இழையும் வெளியே பிய்த்து இழுத்துவிட்டாற்போல் பொசபொசவென்று இருந்தால் அது குருவி, மைனா வேலை. தின்பதற்கு மட்டுமல்ல, கூடு கட்ட இழை உருவிப் போகவும் கொத்தும். சணல் கோணி என்றால் இன்னும் இஷ்டம். மூட்டையின் வயிற்றில் வட்டமாக, ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால், அது லாரியிலிருந்து இறக்கியவர்களின் கொக்கி. அடி மூலையில், இரண்டு மூட்டை ஒட்டும் இடுக்கில், கத்தரித்தாற்போல் விளிம்பும் கீழே பொடிப்பொடியாகச் சாக்குத் துணுக்கும் இருந்தால் எலி. சந்தேகமிருந்தால் கீழே கிடக்கும் மக்காச்சோளத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். புறா மணியை முழுசாக விழுங்கும், மிச்சம் வைக்காது. எலி முளைக்கருவை மட்டும் கொறித்துவிட்டு மீதியைப் போட்டுவிடும். கரு இல்லாத மணி கிடந்தால் இராத்திரி விருந்தாளி வேறு ஆள்.

முழுசாக இருக்கும் புதுப் பிளாஸ்டிக் சாக்கைக் கிழிப்பது புறாவின் அலகுக்குச் சுலபமில்லை. கொக்கி போட்ட ஓட்டையை அது பெரிதாக்கும், அவ்வளவுதான். அதனால் லோடு இறக்கும்போதே கொக்கி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முணுமுணுப்பார்கள். ஒரு டீக்காசு சேர்த்துக் கொடுங்கள், லாபம்தான்.

பறவை தின்றது சிறிய நஷ்டம், விட்டுச் சென்றதுதான் பெரிய நஷ்டம். மாடப்புறாவிடம் வெள்ளைக்கழிச்சல் வகை நச்சுயிரி இருக்கலாம், எச்சத்தில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். உங்கள் ஷெட்டில் எச்சமிட்ட புறா அடுத்த தோட்டத்துக் கோழிக்கொட்டகையில் மேய்ந்துவிட்டு வந்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? காக்கா இன்னும் மோசம். செத்த கோழியைச் சாலையோரப் பள்ளத்தில் வீசிவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் போகவில்லை. அந்தச் சதையைக் கொத்திய அலகோடுதான் அது உங்கள் தீவனத் தொட்டியில் வந்து உட்காருகிறது. (செத்த கோழியைச் சுண்ணாம்பு போட்டு ஆழக் குழியில் புதையுங்கள் என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.) நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்ற நம்பிக்கையில் தடுப்பூசியை விட்டிருந்தால், இதோடு அதையும் ஆரம்பித்துவிடுங்கள். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரம் லசோட்டா, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கையில் ஆர்2பி ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியை ஒட்டி நடத்தும் கோழிக்கழிச்சல் முகாமில் காசில்லாமல் போடுவார்கள். பறவையை எவ்வளவு தடுத்தாலும் ஒன்றிரண்டு நுழையும். அதற்கு ஊசிதான் காவல்.

சரி, தடுப்பது எப்படி? விரட்டுவதில் காசையும் நேரத்தையும் கொட்டாதீர்கள். சிடி தட்டு, பளபளா ரிப்பன், பிளாஸ்டிக் ஆந்தை, வெடிச்சத்தம் எல்லாம் ஒரு வாரச் சங்கதி. ஆந்தை அசையவில்லை என்று புறா புரிந்துகொண்டதும் அதன் தலையிலேயே உட்காரும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டாசுக்குப் புறா பறந்துவிட்டு அரை மணியில் திரும்பிவிடும். கோழிதான் மிரண்டு ஒரு மூலையில் குவிந்து மூச்சுமுட்டிச் சாகும். அந்துருண்டையைக் கட்டித் தொங்கவிடச் சொல்வார்கள், அந்த வாடை தீவனத்தில் ஏறும், மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும். ஒட்டுப் பசை தடவுகிற வேலை வேண்டவே வேண்டாம். புறா தப்பிவிடும், சிட்டும் ஓணானும் ஒட்டிக்கொண்டு துடிக்கும்.

அடைப்பதுதான் வழி. உங்கள் ஷெட்டின் சுற்றளவு 100 அடி. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஓரடி இடைவெளி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், அட்டை ஷெட்டில் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு அரையங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பிவலை வாங்குங்கள். 3 அடி அகலம், 50 அடி நீளத்தில் ஒரு சுருள் போதும். நீளவாக்கில் நடுவே வெட்டினால் ஒன்றரை அடி அகலத்தில் 100 அடி கிடைத்துவிடும். கடையில் அறுகோணக் கண் போட்ட கோழிவலையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், மலிவு என்பார்கள். ஏமாறாதீர்கள். இரண்டங்குலக் கண் புறாவை நிறுத்தும். மைனாவுக்கு ஓரங்குலத்தைத் தாண்டக்கூடாது. சிட்டுக்குருவியோ முக்கால் அங்குலத்துக்கு மேல் சந்து கிடைத்தால் நுழைந்துவிடும். அரையங்குலம் போட்டால் இந்த மூன்றோடு பெரிய எலியும் நின்றுவிடும். சுண்டெலிக்குக் கால் அங்குலம் வேண்டும், அதை அடியில் இரண்டடி உயரத்துக்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

வலையைக் கட்டுக்கம்பியால் அங்கங்கே முடிந்துவிட்டுப் போகாதீர்கள். சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன் மேல் வலையை விறைப்பாக இழுத்து ஆணி வையுங்கள். தொய்ந்த வலையில் குருவி சிக்கும், சிக்கிய குருவியைத் தேடிப் பாம்பு வரும். பால்கனிக்குப் போடுகிற நைலான் புறா வலையைத் தற்காலிகத்துக்குப் போடலாம், ஆனால் எலி ஒரே இராத்திரியில் வாசல் வைத்துவிடும்.

எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. அட்டையின் அலைமடிப்பு. அட்டை சட்டத்தின் மேல் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு அலைக்கும் கீழே ஒரு சின்ன வளைவுச் சந்து இருக்கிறதே, அதுதான் சிட்டுக்குருவியின் வீடு. வலை போட்டு முடித்துவிட்டு, ‘இன்னும் எப்படி வருகிறது?’ என்று கேட்பவர்கள் அண்ணாந்து பார்த்தால் அங்கே வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுச்சில்லு வைத்துச் சிமென்ட் கலவையால் பூசிவிடுங்கள், அல்லது கம்பிவலைத் துண்டைச் சுருட்டித் திணியுங்கள். சுவிட்சுப் பெட்டி மேலும் பாருங்கள். காய்ந்த புல்லும் பழைய ஒயரும் சேர்ந்திருந்தால் குருவியைவிடப் பெரிய பிரச்சினை அது.

அதற்காக ஓரடி இடைவெளி முழுவதையும் செங்கல் வைத்து மூடிவிடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு பண்ணையில் என் பேச்சைக் கேட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். பறவை வரக்கூடாது, அவ்வளவுதானே என்று நான் நினைத்தேன். ஒரு குருவி நுழையவில்லை. ஐப்பசி மழை முடிந்து பார்த்தால், மேல் அட்டையிலிருந்து வேர்த்துச் சொட்டிய ஈரத்தில் மக்காச்சோளம் பச்சைப் பூசணம் பிடித்துக் கிடந்தது. கையை உள்ளே விட்டால் சூடு. காற்றுப் போக வழியில்லாத ஷெட், தீவனத்தை வேகவைக்கிற பானை. அந்தப் பண்ணைக்காரர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன், மேலே வலை, கல் அல்ல.

உங்களுடைய மூன்று மூட்டையும் இந்த ஈரத்துக்கும் பூசணத்துக்கும்தான் போகிறது என்று என் ஊகம். அடி மூட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கம் கட்டி தட்டியிருக்கும். பறவை போட்ட ஓட்டை வழியாக ஈரக்காற்று உள்ளே போகும், எச்சமே ஒரு ஈரம், அதைத் தேடிப் புழு வரும், புழு மூச்சுவிட்டே சூடும் ஈரமும் ஏறும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் அரையடி உயர மரச்சட்டத்தின் மேல் ஏற்றுங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு ஆள் விளக்குமாறோடு சுற்றிவர இடம் விடுங்கள். நாற்பது மூட்டை உங்களுக்குச் சரியான இருப்புதான். மாட்டுக்கும் கோழிக்கும் ஆட்டுக்கும் சேர்த்து நாளைக்கு அறுபது கிலோவுக்கு மேல் செலவாகும், ஆக ஒரு மாதச் சரக்கு. அதற்கு மேல் விலை மலிவு என்று வாங்கி அடுக்காதீர்கள். பழைய மூட்டை முதலில் போகட்டும். புதுச் சரக்கைப் பழையதன் மேல் ஏற்றுகிற சோம்பலால் அடியில் கிடப்பதற்கு முறையே வருவதில்லை.

மக்காச்சோளம் வாங்கும்போது ஒரு பழைய சோதனை. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கைப்பிடி சோளமும் ஒரு ஸ்பூன் காய்ந்த உப்பும் போட்டு மூடி, இரண்டு நிமிடம் குலுக்கி வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், அந்தச் சரக்கை இறக்கவே இறக்காதீர்கள். ஒட்டாவிட்டாலும் அடுக்குவதற்கு முன் களத்தில் இரண்டு வெயில் காட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் வைக்க 12 சதவீதம் சுமாருக்கு வரவேண்டும்.

உடைத்துப் பயன்படுத்துகிற மூட்டையை மூட்டையாகவே வைக்காமல் மூடி போட்ட டிரம்முக்கு மாற்றுங்கள். 200 லிட்டர் டிரம்மில் இரண்டு மூட்டைக் கலப்புத் தீவனம் பிடிக்கும். முன்பு ரசாயனம் இருந்த டிரம் வேண்டாம், என்ன கழுவினாலும் நம்ப முடியாது. நம் பாட்டன் காலத்துக் குலுக்கை, குதிர், பத்தாயம் எல்லாம் என்ன? வாயை மூடி, அடியில் சின்னத் துவாரம் வைத்துத் தேவைக்கு மட்டும் இறக்கிக்கொண்ட ஏற்பாடுதானே. சாக்கு வந்த பிறகுதான் நாம் தானியத்தைப் பறவைக்கு முன்னால் விரித்து வைக்கக் கற்றுக்கொண்டோம். டிரம்முக்கு வழியில்லாவிட்டால் ஓரத்தில் இரண்டு வரிசைக் கல் கட்டிச் சிமென்ட் தொட்டி, மேலே தகர மூடி.

கதவு. மேலே இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவைத் திறந்துபோட்டால் எல்லாம் வீண். தீவனம் எடுக்கிறவர் இரண்டு கையிலும் சுமையோடு வருவார், அவர் மூடமாட்டார், அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. உள்பக்கம் ஒரு வலைக்கதவு போட்டு, பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டிவிடுங்கள். தோளால் தள்ளினால் திறக்கும், தானே மூடிக்கொள்ளும்.

எல்லாம் தயாரான பிறகு எந்த நேரத்தில் அடைப்பது என்பதும் முக்கியம். சாயங்காலம் புறாக்கள் சட்டத்தில் அடைந்திருக்கும்போது மூடினால் உள்ளே மாட்டிக்கொள்ளும், இராத்திரி முழுக்க மூட்டை மேல் எச்சம். காலை பத்து மணிக்கு மேல் அவை காட்டுக்கு மேயப்போன பிறகு கடைசிப் பக்கத்தை மூடுங்கள். இரண்டு மூன்று நாளைக்குக் கூரையைச் சுற்றிச் சுற்றி வந்து வழி தேடும். மனசு இளகி எங்கும் திறந்துவிடாதீர்கள். கட்டுத்தரையில் சொட்டுகிற குழாயையும் அந்த வாரமே சரிசெய்துவிடுங்கள். தானியம் தின்னும் புறாவுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், அது கிடைக்கிற இடத்தைச் சுற்றியே கிடக்கும்.

அடைப்பதற்கு முன் உள்ளே கிடக்கும் பழைய எச்சத்தைக் கூட்டவேண்டுமே, அதைக் காய்ந்தபடியே விளக்குமாற்றால் இழுக்காதீர்கள். புறா எச்சத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து நனைய விட்டு, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு அள்ளுங்கள். இந்த வேலைக்கு அம்மாவை அனுப்பாதீர்கள்.

சைலேஜ் பைக்கு வருவோம். காக்கா அதைக் கொத்துவது பசிக்கு என்று மட்டும் சொல்ல முடியாது. ஒட்டியிருக்கும் மணி, பை மேல் ஊரும் பூச்சி, சில நேரம் சும்மாவும் கொத்தும். ஆனால் காற்றே புகாமல் இருப்பதால்தான் அது சைலேஜ். பென்சில் முனை அளவு ஓட்டை போதும், ஒரு வாரத்தில் அதைச் சுற்றி ஒரு தேங்காய் அளவுக்குப் பூசணம் ஏறிவிடும். பைகளை அடுக்கி, மேலே பழைய டயர்களைப் பரப்பி, டயர் மேல் வலையை இழுத்துக் கட்டுங்கள். வலைக்கும் பைக்கும் நடுவே ஓரடி இருந்தால் அலகு எட்டாது. வலையைப் பை மேலேயே போர்த்தினால் காக்கா அதன் மேல் நின்றுகொண்டு சௌகரியமாகக் கொத்தும். தினம் ஒருமுறை சுற்றிவந்து, ஓட்டை தெரிந்தால் துடைத்துக் காயவைத்து அகல டேப் ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டிய டேப் மறுநாள் கீழே கிடக்கும்.

பையைப் பிரிக்கும்போது உள்ளே செத்த குருவியோ எலியோ இருந்தால், அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியை மாட்டுக்கு அள்ளாதீர்கள். அந்தப் பையே வேண்டாம். அழுகிய உடலில் உண்டாகும் பாட்டுலிச நஞ்சு சைலேஜில் பரவியிருக்கும். மாடு பின்கால் தள்ளாடும், நாக்கு வெளியே தொங்கும், விழுங்க முடியாது. அந்த நிலைக்கு வந்த மாட்டை எங்களாலும் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை.

மயிலுக்கு உங்களால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். களத்தில் காயும்போது மேலே இரண்டங்குலக் கண் நைலான் வலையை முழங்கால் உயரத்துக்குக் குச்சி நட்டு விரியுங்கள், ஓரத்தில் கல் வையுங்கள், வெயிலும் காற்றும் தடைப்படாது. சாயங்காலம் அள்ளி மூடுங்கள். மாட்டுத் தொட்டியில் மிச்சத் தீவனத்தை இராத்திரிக்கு விட்டுவைக்காதீர்கள், பொழுது விடிவதற்குள் வந்து நிற்பது மயில்தான். கோழிக்கும் அப்படியே. நாள் முழுக்கத் தட்டில் கிடக்கும்படி போடாமல், காலையும் மாலையும் அரை மணியில் தின்று முடிக்கிற அளவு, வலைக்கு உள்ளே வைத்துப் போடுங்கள். உண்மையில் நோய் பரவ ஷெட்டைவிட அந்தத் தட்டுதான் வசதியான இடம். சிட்டும் கோழியும் ஒரே தட்டில் தலையை விடுகின்றன.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. எச்சம் பட்ட தீவனத்தை வெயிலில் காயவைத்து ஆட்டுக்குக் கொடுக்கலாமா? கூடாது. மூட்டையின் மேல்புறம் மட்டும் புதிதாக எச்சம் பட்டு, சாக்கு கிழியாமல் இருந்தால் சாக்கை மாற்றிப் பயன்படுத்துங்கள். உள்ளே இறங்கியிருந்தால் பட்ட இடத்தைச் சுற்றி ஒரு முழம் தாராளமாக அள்ளி எருக்குழிக்கு. கட்டி தட்டியிருந்தால், பச்சையாகவோ கருப்பாகவோ பூசணம் தெரிந்தால், மக்கல் வாடை அடித்தால் மொத்தமும் எருக்குழிக்கு. கோழிக்கு ஆகாததை ஆட்டுக்குப் போடலாம் என்பது நம் ஊர்ச் சிக்கனம், ஆனால் பூசணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சுக்கு அந்தச் சிக்கனம் தெரியாது. வெயிலில் பூசணம் காயும், நஞ்சு போகாது. வேகவைத்தாலும் போகாது. கறவை மாடு தின்றால் ஒரு நாளுக்குள் பாலில் இறங்கும். பாலில் இது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. உங்கள் சரக்கில் நான் முதலில் சந்தேகப்படுவது கடலைப் புண்ணாக்கை. அதில் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அரைக் கிலோ மாதிரியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். முடிவு வரும்வரை கறவைக்கு அந்தப் புண்ணாக்கை நிறுத்தி வையுங்கள்.

அம்மா சொன்னதை நான் தள்ளமாட்டேன். சிட்டுக்குருவி தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது தானியம் அல்ல, புழு பூச்சி. தோட்டத்தில் அது இருக்கட்டும், ஷெட்டுக்குள்தான் வேண்டாம். இப்போது அட்டைச் சந்தில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஒரு மாதம் விட்டுவைத்து அடையுங்கள். சுமார் பன்னிரண்டு நாள் அடை, பதினைந்து நாள் வளர்ப்பு, அதற்குள் பறந்துவிடும். புறாக் கூட்டில் குஞ்சிருந்தால் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். அதற்குள் ஒன்றேகால் அங்குலத் துவாரம் போட்ட இரண்டு மூன்று மரப்பெட்டிகளை, ஷெட்டுக்கு எதிர்ப்புறம், வீட்டுத் தாழ்வாரத்தில் எட்டடி உயரத்தில், மேல்வெயில் அடிக்காமல், பூனை ஏறமுடியாத இடமாகப் பார்த்து அம்மா கையாலேயே மாட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குள் ஒன்றும் வைக்கவேண்டாம். பக்கத்தில் ஒரு பிடி வைக்கோலும், உங்களுக்கு இனி தேவைப்படாத அந்தக் கிழிந்த கோணியின் நாரும் கிடந்தால் போதும், அதுவே எடுத்துக்கொண்டு போகும்.